ஆக்டிவேஷன் கேட்கும் அலுவலகக் கணினி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று சாம்பல் நிற எழுத்து தெரிந்ததும் பல அலுவலகங்களில் ஒரே காட்சிதான். யாராவது ஒருவர் பழைய மின்னஞ்சலிலிருந்தோ டைரியின் கடைசிப் பக்கத்திலிருந்தோ ஒரு புராடக்ட் கீயை, அதாவது விண்டோஸின் உரிமத்தை உறுதிசெய்து ஆக்டிவேட் செய்யும் 25 எழுத்துக் குறியீட்டை, எடுத்துத் தட்டுவார். ஏற்காது. இன்னொன்றைத் தட்டுவார். மூன்றாவதை இணையத்தில் தேடி எடுப்பார். அதன் பிறகுதான் என்னை அழைப்பார்கள். அதற்குள் நடந்ததைத் திருத்துவதற்கே பாதி வேளை போய்விடும்.

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் சிறிதும் நடுத்தரமுமான அலுவலகங்களுக்குக் கணினிப் பராமரிப்பு செய்து வருகிறேன். நான் பார்த்த ஆக்டிவேஷன் கோளாறுகளில் கீ உண்மையிலேயே தவறாக இருந்தவை குறைவு. தவறான கடிகாரம், எட்டாத சர்வர், மாற்றிய மதர்போர்டு (கணினியின் தாய்ப்பலகை), பொருந்தாத பதிப்பு என்று காரணம் வேறெங்கோ இருக்கும். ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கணினி சொல்வதை முழுதாகப் படிக்கும்வரை எந்தக் கீயையும் தட்டாதீர்கள்.

கட்டளைகளையும் பிழை எண்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். பிழை எண்களின் முன்பாதி பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் சொல்கிறேன்.

எதற்கும் முன்னால்

தேடல் பெட்டியில் "சிஎம்டி" என்று தட்டி, அதை நிர்வாகி உரிமையுடன் திறங்கள். சாதாரணமாகத் திறந்தால் சில கட்டளைகளுக்கு 0005 என்று முடியும் பிழை வரும். அனுமதி இல்லை என்பதே அதன் பொருள். உரிமத்தில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

அங்கே "எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி" என்று தட்டுங்கள். சில நொடிகள் கழித்து ஒரு சிறிய பெட்டி வரும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எது மாறினாலும், முதலில் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி.

அந்தப் பெட்டியில் முதலில் படிக்க வேண்டியது "டிஸ்கிரிப்ஷன்" வரியின் கடைசிப் பகுதி. அது உரிமம் எந்த வழியில் வந்தது என்று சொல்லும். "ஓஇஎம்" என்றிருந்தால் கணினியோடு வந்த உரிமம். அந்தக் கணினியை விட்டு வேறெங்கும் போகாது. "ரீடெயில்" என்றால் தனியே வாங்கியது. பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றலாம். "எம்ஏகே" என்றால் நிறுவனத்துக்கென மொத்தமாக வாங்கிய கீ. ஒவ்வொரு கணினியும் மைக்ரோசாஃப்ட் சர்வரோடு ஒருமுறை பேசி நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகும். "கேஎம்எஸ்கிளையன்ட்" என்றால் உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருந்து, அது ஒவ்வொரு கணினியையும் 180 நாட்களுக்கு ஆக்டிவேட் செய்கிறது என்று பொருள். அந்தச் சர்வர்தான் கேஎம்எஸ்; அதைக் கேட்கும் கணினி கிளையன்ட்.

அதற்குக் கீழே "பார்ஷியல் புராடக்ட் கீ" என்று ஐந்து எழுத்துகள் இருக்கும். இப்போது கணினியில் இருக்கும் கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் அவை. அலுவலகக் கோப்பில் இருக்கும் கீயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால், யாரோ இடையில் புகுந்து மாற்றியிருக்கலாம்.

"அலுவலகத்தில் சரி, வீட்டுக்குப் போன மடிக்கணினியில் மட்டும் வருகிறது"

கேஎம்எஸ் வைத்திருக்கும் அலுவலகங்களில் இது மிகவும் பழகிய அறிகுறி. ஆக்டிவேட் ஆன கணினி ஏழு நாட்களுக்கு ஒருமுறை சர்வரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் 180 நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அலுவலக நெட்வொர்க்கைவிட்டு 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்தால் கணக்குத் தீர்ந்துவிடும்.

2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வீடுகளுக்குப் போயின. அன்றிலிருந்து 180 நாட்களை எண்ணினால் செப்டம்பர் 21. அந்த வாரத்தில் எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒருவர் வைரஸ் என்று அஞ்சினார். இன்னொருவர் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று கேட்டார். எந்தக் கணினியிலும் பழுது இல்லை. நாள்கணக்கு முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

தீர்வு சுலபம். வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் விபிஎன் இணைப்பை இயக்கச் சொல்லுங்கள். இணைப்பு வந்ததும் நிர்வாகிச் சாளரத்தில் "எஸ்எல்எம்ஜிஆர் /ஏடிஓ" தட்டுங்கள். உடனே ஆக்டிவேட் செய் என்று சொல்லும் கட்டளை இது. பிறகு "எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர்" தட்டினால் புதிய முடிவுத் தேதி தெரியும். விபிஎன் வழியாக கேஎம்எஸ் சர்வரோடு பேசும் வாசலான 1688ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும்; பல அலுவலகங்களில் கோப்புப் பகிர்வுக்கு மட்டும் வழிவிட்டு இதை மறந்திருப்பார்கள். வெளியூரிலேயே பணிபுரிபவர்களின் கணினிகளுக்கு எம்ஏகே கீயே பொருத்தம் என்பது என் கருத்து.

எஃப்074: சர்வரை எட்ட முடியவில்லை

கேஎம்எஸ் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்பதே இதன் நேர்ப்பொருள். ஆனால் இந்த எண்ணுக்குப் பின்னால் நான்கைந்து வேறுவேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. வரிசை மாறாமல் பாருங்கள்.

முதலில் கணினிக்குச் சர்வரின் முகவரி தெரிகிறதா? "என்எஸ்லுக்அப் -டைப்=எஸ்ஆர்வி _விஎல்எம்சிஎஸ்._டிசிபி" என்று தட்டுங்கள். சர்வரின் பெயரும் 1688 என்ற போர்ட் எண்ணும் பதிலாக வந்தால் டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் முகவரி காட்டும் சேவை) நலம். வராவிட்டால் கீழே "232பி" என்ற பகுதிக்குப் போங்கள்.

முகவரி தெரிந்தும் எட்டவில்லை என்றால், விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் "டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்" கட்டளையோடு சர்வரின் பெயரையும் 1688 என்ற போர்ட்டையும் கொடுங்கள். "ஃபால்ஸ்" என்று வந்தால் இடையில் ஏதோ ஃபயர்வால் மறிக்கிறது. சர்வரின் விண்டோஸ் ஃபயர்வாலில் "கீ மேனேஜ்மென்ட் சர்வீஸ்" என்ற விதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சர்வரை அண்மையில் புதிதாக நிறுவியிருந்தால் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவதாக, டிஎல்வி பெட்டியில் பதிவாகியிருக்கும் சர்வரின் பெயரைப் பாருங்கள். எப்போதோ யாரோ "/எஸ்கேஎம்எஸ்" கட்டளையால் ஒரு சர்வரின் பெயரைக் கையால் பதித்திருக்கலாம். அந்தச் சர்வரைப் பழைய இரும்புக்குப் போட்டுப் பல ஆண்டுகள் ஆனாலும், கணினி இன்னும் அதன் வாசலிலேயே நின்று தட்டிக்கொண்டிருக்கும். "எஸ்எல்எம்ஜிஆர் /சிகேஎம்எஸ்" தட்டினால் அந்தப் பதிவு நீங்கி, கணினி தானே தேடத் தொடங்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எஃப்074 நீங்கவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். கணினிக்கும் கேஎம்எஸ் சர்வருக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்வர் மறுத்துவிடும். இதற்கென்று எஃப்06சி என்று தனி எண் இருக்கிறது. ஆனால் திரையில் எஃப்074 என்றே காட்டிவிட்டு, உண்மைக் காரணத்தை உள்ளே பதிவேட்டில் மட்டும் எழுதிவைப்பதும் உண்டு. ஈவன்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவில் 12288 என்ற எண்ணுள்ள நிகழ்வைப் பாருங்கள். எஃப்06சி அங்கே இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு நாள் முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். அலுவலக டொமைனில் (கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) சேர்க்காமல் தனியாக வைத்திருந்த ஒரு கணினி. மணி காலை 11.20. சுவர்க் கடிகாரமும் 11.20, கணினியும் 11.20, சர்வரும் 11.20. ஆனாலும் பதிவேட்டில் எஃப்06சி. கேபிள் மாற்றினேன், ஸ்விட்ச் போர்ட் மாற்றினேன், ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன். மாலையில்தான் கடிகாரத்தின்மீது வலது பொத்தானை அழுத்தி நேர அமைப்பைத் திறந்தேன். நேர மண்டலம் அமெரிக்காவின் பசிபிக் கடற்கரை என்றிருந்தது. விண்டோஸை நிறுவியவர் மண்டலத்தை மாற்றவில்லை. நேரம் தவறாகத் தெரிந்ததால், மணியை மட்டும் கையால் திருத்தி வைத்துவிட்டார். கண்ணுக்கு 11.20 சரி. ஆனால் கணினிகள் தமக்குள் பேசுவது உலகப் பொது நேரத்தில். அந்தக் கணக்கில் இந்தக் கணினி பதின்மூன்றரை மணி நேரம் தள்ளி நின்றது.

மண்டலத்தை இந்திய நேரமாக மாற்றுங்கள், மணியையும் மறுபடி சரிபாருங்கள், "டபிள்யூ32டிஎம் /ரீசிங்க்" தட்டுங்கள், பிறகு "/ஏடிஓ". மறுநாள் காலையில் மீண்டும் தேதி பின்னால் போயிருந்தால் மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று எழுதியிருக்கும், மூன்று வோல்ட், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் இது சீக்கிரம் வெளிப்படும். இணையம் வழியாக ஆக்டிவேட் ஆகும் கணினிகளையும் தவறான தேதி தடுக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றி இணைப்பே நிகழாது.

232பி அல்லது 007பி: அப்படி ஒரு சர்வரே இல்லை

டிஎன்எஸ்ஸில் கேஎம்எஸ் சர்வரின் பெயர் கிடைக்கவில்லை. உங்களிடம் உண்மையிலேயே கேஎம்எஸ் சர்வர் இருந்தால், அது இருக்கும் இடத்தைச் சொல்லும் எஸ்ஆர்வி பதிவு டிஎன்எஸ்ஸிலிருந்து நீங்கியிருக்கிறது. மறுபடி சேர்க்க வேண்டும். அதுவரை "/எஸ்கேஎம்எஸ்" கட்டளையோடு சர்வரின் பெயரைக் கொடுத்து வேலையைப் பார்க்கலாம். பதிவு சரியானதும் மறக்காமல் "/சிகேஎம்எஸ்" தட்டிவிடுங்கள். ஏன் என்பதை மேலே பார்த்தோம்.

உங்கள் அலுவலகத்தில் கேஎம்எஸ் சர்வர் என்றுமே இருந்ததில்லை என்றால் கதை வேறு. கேஎம்எஸ் கிளையன்ட்டுகளுக்கான பொதுக் கீகளை மைக்ரோசாஃப்ட்டே வெளிப்படையாக வெளியிட்டிருக்கிறது. அவை உரிமம் அல்ல. "போய் உன் அலுவலகச் சர்வரைக் கேள்" என்று கணினிக்குச் சொல்லும் சீட்டு மட்டுமே. இலவசக் கீ என்று நினைத்து இணையத்திலிருந்து அதை எடுத்துத் தட்டியவர்கள் ஏராளம். அதுவரை ஓஇஎம் உரிமத்தோடு ஒழுங்காக இருந்த கணினி, அந்த நிமிடமே இல்லாத சர்வரைத் தேடத் தொடங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய உரிமம் இப்படிக் கைமறதியாகப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

நல்ல வேளையாக அதை மீட்க முடியும். விண்டோஸ் 8 காலம் முதல், கணினியோடு வரும் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரலுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. பவர்ஷெல்லில் "கெட்-சிம்இன்ஸ்டன்ஸ்" கட்டளையால் "சாஃப்ட்வேர்லைசன்சிங்சர்வீஸ்" வகுப்பை அழைத்து, "ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்புராடக்ட்கீ" என்ற மதிப்பைக் கேளுங்கள். 25 எழுத்துகள் கிடைக்கும். "எஸ்எல்எம்ஜிஆர் /ஐபிகே" என்று தட்டி அந்தக் கீயைக் கொடுத்து, பின் "/ஏடிஓ". வெற்றிடம் வந்தால் அந்தப் பலகையில் கீ எதுவும் பதிக்கப்படவில்லை. வாங்கிய ரசீதைத் தேட வேண்டியதுதான்.

எஃப்038: எண்ணிக்கை போதவில்லை

கேஎம்எஸ் சர்வர் சிறிய கூட்டத்துக்கு வேலை செய்யாது. குறைந்தது 25 விண்டோஸ் கணினிகளாவது கேட்ட பிறகே அது முதல் கணினியை ஆக்டிவேட் செய்யும். விண்டோஸ் சர்வர்களுக்கும் ஆபீஸ் தொகுப்புக்கும் ஐந்து போதும். பதினெட்டுக் கணினிகள் உள்ள அலுவலகத்தில் கேஎம்எஸ் அமைத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டால் விடை இதுதான். எம்ஏகேக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கணினிகள் போதுமான அளவு இருந்தும் இந்தப் பிழை வருமானால், குளோனிங்கைச் சந்தேகியுங்கள். ஒரு பயிற்சிக்கூடத்தில் நாற்பது கணினிகள். ஒன்றில் விண்டோஸையும் மென்பொருள்களையும் நிறுவி, அந்த வட்டை அப்படியே மற்றவற்றில் நகலெடுத்திருந்தார்கள். சர்வரில் டிஎல்வி தட்டினால் "கரன்ட் கவுன்ட்: 1". நாற்பது கணினிகளும் கேட்டுக்கொண்டிருந்தன, சர்வர் ஒன்று என்றே எண்ணியது. இரண்டு கணினிகளின் டிஎல்வி பெட்டிகளை அருகருகே வைத்து கணினியின் அடையாள எண்ணான "சிஎம்ஐடி" என்ற வரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். அச்சு மாறாமல் ஒன்றே. ஒரே ஆதார் எண்ணோடு நாற்பது பேர் வரிசையில் நின்றால் எழுத்தர் எத்தனை பேரைப் பதிவு செய்வார்?

புதிய அடையாள எண் உருவாக ஒவ்வொன்றிலும் "எஸ்எல்எம்ஜிஆர் /ரீஆர்ம்" தட்டி, மறுதொடக்கம் செய்து, "/ஏடிஓ" கொடுத்தோம். எண்ணிக்கை 2, 3 என்று ஏறத் தொடங்கியது. 25ஐத் தொட்ட பிறகு எல்லாம் ஆக்டிவேட் ஆயின. ரீஆர்ம் செய்யும் வாய்ப்புகளுக்கு எல்லை உண்டு. மீதி எத்தனை என்பது டிஎல்வி பெட்டியிலேயே இருக்கும். இனி நகலெடுப்பதற்கு முன் மூலக் கணினியில், அதற்கே உரிய அடையாளங்களை நீக்கும் "சிஸ்பிரெப்" கருவியை "ஜெனரலைஸ்" தெரிவோடு ஓட்டிவிடுங்கள்.

நீண்ட விடுமுறைக்குப் பிறகும் எண்ணிக்கை குறையலாம். முப்பது நாட்களாகக் கேட்காத கணினியைச் சர்வர் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடும். மே மாதம் மூடி ஜூனில் திறக்கும் கல்லூரிகளின் ஆய்வகங்களில் இதை நினைவில் வையுங்கள்.

எஃப்042 வந்தால், சர்வரில் உள்ள கேஎம்எஸ் கீ பழையது, கேட்கும் விண்டோஸ் புதியது. சர்வரின் கீயை மாற்ற வேண்டும். கிளையன்ட்டில் எதையும் தொட வேண்டியதில்லை.

எஃப்211: மதர்போர்டு மாற்றிய பிறகு

விண்டோஸ் 10 முதல் உரிமம் பெரும்பாலும் டிஜிட்டல் உரிமமாக மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிறது. அந்தப் பதிவு வன்பொருளின் அடையாளத்தோடு பிணைந்தது. ரேமோ வட்டோ மாற்றினால் கவலை இல்லை. மதர்போர்டு மாறினால் மைக்ரோசாஃப்ட்டுக்கு அது வேறு கணினி.

ரீடெயில் உரிமமாக இருந்து, முன்னரே ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால் வழி எளிது: செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம், டிரபிள்ஷூட், "அண்மையில் வன்பொருளை மாற்றினேன்" என்ற தெரிவு, பட்டியலிலிருந்து பழைய கணினியின் பெயர். அலுவலகங்களில் இங்கேதான் தடுக்கி விழுகிறோம். அந்தக் கணக்கு எவருடையது? முன்பு வேலை பார்த்துவிட்டுப் போன ஒருவரின் சொந்த மின்னஞ்சல் முகவரியில் இருபது கணினிகளின் உரிமங்கள் பிணைந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதற்கென நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓஇஎம் உரிமம் என்றால், உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் மையமே பலகையை மாற்றும்போது கீயையும் புதிய பலகையில் பதித்துத் தர வேண்டும். கணினியைத் திரும்ப வாங்கும் மேசையிலேயே, சர்வீஸ் பொறியாளர் பக்கத்தில் இருக்கும்போதே, மேலே சொன்ன பவர்ஷெல் விசாரணையைச் செய்து பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்து மறுபடி அலைவதைவிட அங்கேயே ஐந்து நிமிடம் காத்திருப்பது மேல். வெளிக்கடையில் பழைய பலகை வாங்கிப் பொருத்தினால் அந்த ஓஇஎம் உரிமம் அதோடு முடிந்தது.

எஃப்212: பதிப்புப் பொருந்தவில்லை

கையில் புரோ கீ, கணினியில் ஹோம். அல்லது நேர்மாறாக. நம் ஊரில் விற்கும் குறைந்த விலை மடிக்கணினிகளில் "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" பதிப்பு பரவலாக இருக்கிறது. அதை அலுவலக டொமைனில் சேர்க்கவே முடியாது. விலையைப் பார்த்து அதை வாங்கிவிட்டு, நிறுவனத்துக்கு மொத்தமாக வாங்கிய வால்யூம் கீயைப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விண்டோஸின் வால்யூம் உரிமம் ஒரு மேம்பாட்டு உரிமம். அடியில் புரோ போன்ற தகுதியுள்ள உரிமம் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஹோம் அந்தத் தகுதியில் சேராது. வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் பிறகு புரோ மேம்பாட்டுக்கே போய்விடும்.

செல்லுபடியாகும் புரோ கீ இருந்தால் செட்டிங்ஸில் "சேஞ்ச் புராடக்ட் கீ" வழியாகக் கொடுங்கள். ஹோம் புரோவாக மாறும், கோப்புகள் அப்படியே இருக்கும். புதிதாக நிறுவும்போது இன்னொரு சிக்கல்: நிறுவி, பலகையில் பதிந்த ஹோம் கீயைத் தானே படித்து, எந்தப் பதிப்பு என்று கேட்காமலே ஹோமை நிறுவிவிடும். பென்டிரைவின் "சோர்சஸ்" கோப்புறையில் "இஐ.சிஎஃப்ஜி" என்ற சிறிய கோப்பை வைத்தால் கேட்கத் தொடங்கும்.

நேற்றுவரை புரோவாக இருந்த பல கணினிகள் ஒரே காலையில் உரிமம் இல்லை என்று சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு சற்றுப் பொறுங்கள். 2018 நவம்பர் 8 அன்று உலகெங்கும் பல விண்டோஸ் 10 புரோ கணினிகள், உங்கள் உரிமம் ஹோமுக்கானது என்று காட்டின. கோளாறு மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவேஷன் சர்வரில் இருந்தது, அவர்களே சரிசெய்தார்கள். பதறிப்போய் ஹோமை மறுபடி நிறுவியவர்களுக்குத்தான் வேலை இரட்டிப்பாயிற்று.

கீயே தவறு என்கிறது: எஃப்050

இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது கையெழுத்தை. புராடக்ட் கீயில் 0, 1, 5 என்ற மூன்று எண்களும் வருவதே இல்லை. ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் வராது. எல், எஸ், இசட் ஆகியவையும் வராது. ஆகவே டைரியில் 5 போலத் தெரிவதும் எஸ் போலத் தெரிவதும் இரண்டுமே தப்பு. வேறு ஏதோ எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். 8க்கும் பிக்கும், 6க்கும் ஜிக்கும் இடையில்தான் உண்மையான குழப்பம். மடிக்கணினியின் அடியில் ஒட்டிய பழைய ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால், கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேரே பார்ப்பதைவிட அச்சு நன்றாகத் தெரியும்.

சி008, சி020: வரம்பு முடிந்தது

சி020 என்றால் எம்ஏகே கீயின் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை ஃபார்மட் செய்து மறுபடி நிறுவும்போதும் ஓர் எண்ணிக்கை குறையக்கூடும் என்பதால், கணினிகள் கூடாமலே கீ தீர்ந்துபோகும். வாங்கிய உரிமச் சான்றுகளோடு மைக்ரோசாஃப்ட்டின் வால்யூம் உரிம உதவி மையத்தை அணுகினால் வரம்பை உயர்த்தித் தருவார்கள். சி008 என்றால் அந்தக் கீ ஏற்கெனவே வேறு கணினியில் பயன்பட்டிருக்கிறது. இணையச் சந்தையில் முந்நூறு, நானூறு ரூபாய்க்கு வாங்கிய கீகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

கணினி மணிக்கொரு முறை தானே அணைகிறது

மின்சாரம், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி), சூடு எல்லாவற்றையும் பார்த்தும் காரணம் தெரியவில்லை. ஆனால் சரியாக ஒரு மணி நேரத்தில் அணைகிறது. அது இவால்யுவேஷன் பதிப்பு, சோதனைக் காலம் முடிந்துவிட்டது. விண்டோஸ் சர்வருக்கு அந்தக் காலம் 180 நாட்கள். "டிஐஎஸ்எம்" கருவியின் "/செட்-எடிஷன்" கட்டளையோடு முறையான கீயைக் கொடுத்துச் சர்வரை முழுப் பதிப்பாக மாற்றலாம். அந்தச் சர்வர் டொமைன் கன்ட்ரோலராக இருந்தால், முதலில் அந்தப் பொறுப்பை வேறு சர்வருக்கு மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். விண்டோஸ் 10 என்டர்பிரைஸின் சோதனைப் பதிப்பை இப்படி மாற்ற வழியில்லை. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். பேக்கப்பை இன்றே எடுங்கள்.

எல்லாம் சரி என்கிறது, ஆனால் உங்களுக்குச் சர்வரே இல்லை

டிஎல்வியில் "கேஎம்எஸ்கிளையன்ட்", நிலை "லைசன்ஸ்டு". சர்வரின் முகவரி 127.0.0 என்று தொடங்குகிறது (கணினி தன்னையே குறிக்கும் முகவரி), அல்லது உங்களுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு வெளிநாட்டுப் பெயர். யாரோ கள்ள ஆக்டிவேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். கணினி ஓடத்தானே செய்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கருவிகள் முதலில் கேட்பதே ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லித்தான். அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே என்ன வந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது. 2021 டிசம்பரில், இத்தகைய ஆக்டிவேட்டரின் பெயரால் உலவிய ஒரு போலி நிறுவி வழியாகக் கிரிப்ட்பாட் என்ற தகவல் திருடும் நிரல் பரவுவதை ரெட் கேனரி நிறுவனம் வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அது எடுத்துச் செல்லும். ஜிஎஸ்டி கணக்கும் வங்கிக் கணக்கும் திறக்கும் கணினியில் அதை நினைத்துப் பாருங்கள். சட்டமும் இருக்கிறது: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சுத்தம் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். தரவுகளை எடுத்துக்கொண்டு வட்டை அழித்துப் புதிதாக நிறுவுங்கள்; கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். உரிமத்துக்குப் பணம் இல்லை என்றால் அந்தக் கணினிக்கு லினக்ஸ் போடுங்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்குகிறது. கடிதம், மின்னஞ்சல், பிரவுசர் வேலை மட்டும் பார்க்கும் மேசைகளுக்கு அது போதும்.

ஆக்டிவேஷன் இருக்கிறது, அப்டேட் வருவதில்லை

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அலுவலகங்கள் இஎஸ்யூ என்ற நீட்டிப்பை ஆண்டுவாரியாக வாங்கலாம். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள், 2028 அக்டோபர் வரை. அதற்குத் தனி எம்ஏகே கீ உண்டு. "/ஐபிகே" கொடுத்து ஏற்றிய பிறகு, வெறும் "/ஏடிஓ" போதாது. அந்த ஆண்டுக்கான ஆக்டிவேஷன் ஐடியையும் சேர்த்துத் தட்ட வேண்டும். கீயைப் போட்டும் அப்டேட் வரவில்லை என்று சொன்னவர்களில் பலர் இந்த இரண்டாம் படியை விட்டிருந்தார்கள். கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

இணையமே இல்லாத கணினி

எடைமேடை, இயந்திரக் கட்டுப்பாடு, சாயப்பட்டறை ஆய்வகம் என்று சில கணினிகளை வேண்டுமென்றே இணையத்தோடு சேர்க்காமல் வைத்திருப்பார்கள். அவற்றுக்கு எம்ஏகே அல்லது ரீடெயில் கீயை ஏற்றிவிட்டு, "எஸ்எல்எம்ஜிஆர் /டிடிஐ" தட்டுங்கள். 63 இலக்கங்கள் கொண்ட இன்ஸ்டலேஷன் ஐடி வரும். அதை மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவேஷன் சேவையிடம் கொடுத்தால் 48 இலக்கங்கள் கொண்ட கன்ஃபர்மேஷன் ஐடி கிடைக்கும். "எஸ்எல்எம்ஜிஆர் /ஏடிபி" என்று தட்டி, அந்த 48 இலக்கங்களை இடைவெளி இல்லாமல் கொடுக்க வேண்டும்.

ஒரு நூற்பாலையின் எடைமேடையில் இதைத் தொலைபேசி வழியாகச் செய்தோம். வெளியே பஞ்சு லாரி நின்றது; டிரைவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எடைமேடைப் பொறுப்பாளர் அக்கா ஏழு ஏழு இலக்கமாகத் திரையிலிருந்து படித்தார், நான் கைப்பேசியில் அழுத்தினேன். ஒன்பது தொகுதிகள். பதில் வந்தபோது முறை மாறியது. நான் கேட்டுச் சொன்னேன், அவர் ஆறு ஆறாகப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார். ஒவ்வொரு தொகுதியையும் திருப்பிப் படித்துக் காட்டச் சொன்னேன். நான்காவதில் 3ஐ 8 என்று எழுதியிருந்தார், அங்கேயே பிடித்தோம்.

"/ஏடிபி" ஏற்றுக்கொண்டதும் "/எக்ஸ்பிஆர்" தட்டினேன். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று பெட்டி வந்தது. அதே வன்பொருளில் அதே கீயோடு மறுபடி நிறுவ நேர்ந்தால் அதே கன்ஃபர்மேஷன் ஐடியை மீண்டும் பயன்படுத்தலாம். அதனால் அந்த 48 இலக்கங்களையும் கீயின் கடைசி ஐந்து எழுத்துகளையும் தேதியோடு அக்காவின் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் லாரியை மேடையில் ஏற்றச் சொல்லிக் கை காட்டினார்.